தீவகக் கடலின் கடற்பசு: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே சிதறிக்கிடக்கும் தீவுகளைப் பற்றி எழுதப் புகுந்தோர் எவரும் நெடுந்தீவின் குதிரைகளை மறந்ததில்லை. அவற்றைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயரா, பெருக்கியவர் ஒல்லாந்தரா, ஆங்கிலேயர் காலத்தில் அவை எவ்வாறு கட்டின்றித் திரியலாயின என்பன பற்றியெல்லாம் கட்டுரைகள் பல உள. குதிரை வெளியிலிருந்து வந்த விலங்கு. அது வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, அதே தீவின் கரைக்கப்பால், இடுப்பளவு நீரிலும் இருபாக ஆழத்திலும் மேய்ந்து வந்த மற்றொரு விலங்கைப் பற்றித் தீவகத்து வரலாறுகள் பேசுவது அரிது. அவ்விலங்கே கடற்பசு. குதிரை அரசுக்கு உரியது; விலைபோவது; ஆகவே ஏட்டில் ஏறிற்று. கடற்பசுவோ எவருடைய உடைமையுமன்று. அது ஏட்டில் ஏறிய சில வேளைகளை ஆராய்ந்தால், விலங்கைப் பற்றி அறிவதோடு, ஏடெழுதியோர் கடலில் எதனைக் காண விரும்பினர் என்பதையும் அறியலாம்.

கடலில் வாழும் பாலூட்டி என்றதும் பாடநூல் கற்றோர் மனத்தில் முதலில் எழுவது திமிங்கிலம்; அடுத்தது, குளிர்நாட்டுக் கரைப்பாறைகளிற் படுத்து வெயில் காயும் சீல். வட அத்திலாந்திக்கு, வட பசுபிக்குக் கரைகளிற் காணப்படும் துறைமுகச் சீல் இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது. கடல்நாய் எனத் தமிழில் வழங்கப்படும் அவ்வினம் எங்கள் கடலுக்கு உரியதன்று. சங்கப் பாடல்களில் வரும் நீர்நாயும் அதுவன்று. அது ஆற்றிலும் பொய்கையிலும் வாழ்வது. சீல் ஊனுண்ணி, குட்டி ஈனுவதற்குக் கரையேறுவது. கடற்பசு இவ்விரண்டிலும் அதற்கு நேர்மாறானது. அது புல்லையே உண்டு வாழ்வது. பிறப்பு முதல் இறப்பு வரை நிலத்தைத் தீண்டாதது. உறவு முறையில் அது சீலுக்கோ திமிங்கிலத்துக்கோ அண்மையானதன்று, யானைக்கே அண்மையானது. இவ்வினத்தின் மூதாதையரின் கல்லான எலும்புகள் குசராத்தின் கச்சுப் பகுதியிற் கிடைத்திருக்கின்றன.

வளர்ந்த கடற்பசு ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோகிராம் வரையான நிறையும் உடையது. உடல் கதிர்போல் இருபுறமும் ஒடுங்கியது. வால் திமிங்கிலத்தினதைப் போன்று கிடையாக விரிந்தது. முன்னவயவங்கள் துடுப்புக்களாக மாறியுள்ளன. எனினும் தோலை நீக்கிப் பார்த்தால் ஐவிரல் எலும்புகள் தெளிவாக உள. மேலுதடு தடித்துக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அடித்தரையில் வளரும் புல்லை வேரோடு பிடுங்குவதற்கு அதுவே கருவி. ஆண்விலங்கிற்கு யானையைப் போன்றே தந்தம் உண்டு. ஆயின் அது குறுகியது, உதட்டுக்கு வெளியே சற்றே தெரிவது. பெண்விலங்கின் பான்முலைகள் துடுப்பின் அடியில், மனிதருக்கு அக்குள் இருக்கும் இடத்தருகே அமைந்துள்ளன. இவ்வொரு செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் வரும் கதை அதனாலேயே விளங்கும்.

அதன் உணவு கடற்பாசி அன்று, கடற்புல். பாசியினின்றும் இது வேறு. பூத்துக் காய்த்து வேரூன்றி வளரும் உண்மையான புல்லினம் போன்ற தாவரம். கலங்கலற்ற, ஆழங்குறைந்த, அலை தணிந்த நீரிலேயே அது தழைக்கும். வளர்ந்த ஒரு கடற்பசு நாளொன்றுக்கு முப்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட பச்சைப்புல்லை உண்ணும். அது மேய்ந்து சென்ற தடம், வயலில் ஏரோட்டிய சால்போல மணலில் நெடுகக் கிடக்கும். அத்தடத்தில் மீண்டும் முளைப்பது மென்மையும் சத்தும் கூடிய இளம்புல்லாதலின், விலங்கு தன் மேய்ச்சல் நிலத்தைத் தானே பண்படுத்துகின்றது எனக் கடலாய்வாளர் கூறுவர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலெழுந்து மூச்சு வாங்கவேண்டும். வலையிற் சிக்கி மேலெழ முடியாது போயின், நீரில் வாழும் அவ்விலங்கு நீரில் மூழ்கியே சாகும்.

பாக்கு நீரிணையின் தென்புறத்தே விரிந்துகிடக்கும் பாக்கு விரிகுடா பெரும்பாலும் பத்து மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டது. பெருங்கடலின் அலையை ஒருபுறம் இராமர் அணையின் மணற்றிட்டுக்களும், மறுபுறம் குடாநாடும் தடுத்து நிற்கின்றன. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியன சுண்ணக்கல்லாலானவை. ஆறு எதுவும் அவற்றினின்று கடலிற் கலப்பதில்லை. ஆகவே சேறு குறைந்து, வெயில் அடித்தரை வரை இறங்கி, புற்றரைகள் பரந்து வளர்கின்றன. குறிகட்டுவான் துறையினின்று நயினாதீவுக்குப் படகில் அம்மன் தரிசனத்துக்குச் செல்வோர் வெளிறிய மணலுக்கிடையே கருமையாகத் தோன்றும் திட்டுக்களைக் கண்டிருப்பர். அவற்றிற் பல இப்புற்றரைகளே. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்வதும் அங்கேதான். எனவே கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் மீனவரின் விளைநிலமும் ஒன்றே. இரண்டும் மோதிக்கொண்டது இயல்பு.

தமிழ்க்கரை மீனவர் இவ்விலங்கை ஆவுளியா என்பர். கடற்பசு, கடற்பன்றி என்னும் பெயர்களும் வழங்குகின்றன. சிங்களத்தில் ‘முகுது ஊரா’ என்னும் பெயரும் கடற்பன்றி என்றே பொருள்படும். பசு என்றவர் அது மேய்வதைக் கண்டவர் எனவும், பன்றி என்றவர் அதன் கொழுப்பையும் இறைச்சியையும் கண்டவர் எனவும் கொள்வது பொருந்தும். ஒரே விலங்குக்கு ஒரே மொழியில் இவ்விரு பெயரும் நிலைத்தமை, பார்த்தலும் கொல்லுதலும் அக்கரைகளில் ஒருங்கே நிகழ்ந்தமைக்குச் சான்று. பட்டினப்பாலை காட்டும் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டனர். அச்சந்தரும் சுறாவுக்குக் கிடைத்த அவ்வழிபாடு, எவருக்கும் தீங்கிழைக்காத கடற்பசுவுக்குக் கிடைத்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் பிற நாட்டில் அவ்வாறும் நிகழ்ந்துள்ளது. அரபுக் கடற்கரையில், உம் அல் குவைன் நாட்டைச் சேர்ந்த அக்காப் என்னும் சிறுதீவில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் கடற்பசுவின் எலும்புகளை ஒழுங்குற அடுக்கிப் புனித மேடை ஒன்றை அமைத்திருந்தமை அகழ்வாய்விற் புலப்பட்டது.

இலங்கைக் கடலில் பெண்முகங்கொண்ட உயிரொன்று உண்டென்ற செய்தி மேற்குலகுக்கு முன்னரே எட்டியிருந்தது. சந்திரகுப்த மௌரியனின் அவையிலிருந்த மெகத்தனிசு அதனைக் குறித்தான் என்பர். அவனுக்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின்னர் வாழ்ந்த ஈலியன் என்பான் தப்ரபேன் தீவைச் சூழ்ந்த கடலில் சிங்கத்தலை மீன்களையும், கடாத்தலை மீன்களையும், பெண்முகமும் மயிருக்குப் பதிலாக முட்களும் உடைய உயிர்களையும் குடியேற்றினான். இவற்றை வாசித்து நகைப்பது எளிது. கடற்பசுவின் மேலுதட்டில் தடித்த முட்போன்ற மயிர்கள் உண்டென்பதை அறிந்தவர் அவ்வளவு விரைந்து நகையார்.

கதை வரலாறாக மாறும் இடம் 1560ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேயே கோவாவின் போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி டொம் கொன்சுதந்தீனோ டி பிறகன்சா பெரும்படையுடன் யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது வந்தான். நல்லூர் அவன் கைப்பட்டது. மன்னன் சங்கிலி காட்டுக்கு விலகினான். பின்னர் மக்கள் கிளர்ந்தெழ, போர்த்துக்கேயர் நிலைகொள்ள இயலாது மன்னாருக்குப் பின்வாங்கி அங்கே கோட்டை எழுப்பினர். யாழ்ப்பாண வரலாறு கற்றோர் யாவரும் அறிந்தது இது. அதே ஆண்டில், அதே மன்னாருக்கு அருகில், மீனவரின் வலையொன்றில் ஒரே வீச்சில் ஏழு ‘கடல் மாந்தர்’ அகப்பட்டனர் என்றும், ஆணும் பெண்ணுமான அவற்றை அரசப்பிரதிநிதியின் மருத்துவர் டிமாசு பொசுக்கே அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புக்கள் மனிதருடையவற்றை ஒத்திருந்தன எனக் கண்டார் என்றும் யேசுசபையினரின் குறிப்புக்கள் கூறுகின்றன.

பிற்காலத்தார் இதனைப் பொய்யெனத் தள்ளினர். அல்லது கடற்கன்னிக் கதையின் சுவையான ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். இரண்டும் சரியன்று. பொசுக்கே கற்பனையில் மிதந்தவரல்லர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா டா ஓர்ற்றாவின் புகழ்பெற்ற மூலிகை நூலுக்கு முகப்புக் கடிதம் வழங்கிய கல்விமான். அவர் அறுத்துப் பார்த்த உடலில் செவுள் இல்லை, நுரையீரல் இருந்தது. முட்டை இல்லை, கருப்பை இருந்தது. மார்பருகே முலை இருந்தது. துடுப்பினுள் ஐந்து விரல் இருந்தது. பாலூட்டி என்னும் வகுப்பைச் சுவீடனின் லின்னேயசு பெயரிட்டு அமைத்தது இருநூறு ஆண்டுகளின் பின்னரே. அச்சொல் இல்லாத ஒரு காலத்தில், மீனன்று என்பதை உறுதியாகக் கண்ட ஒருவருக்கு எஞ்சியிருந்த ஒப்புமை மனிதன் ஒன்றே. அவர் கண்டது மெய். அதனைச் சொல்லக் கிடைத்த மொழியே போதாததாயிற்று.

இக்குறிப்பில் எவரும் பெரிதும் கவனியாத சொல் ‘ஏழு’ என்பது. ஒரு வலையில், ஒரு வீச்சில், ஏழு கடற்பசுக்கள் அகப்படவேண்டுமாயின் அங்கே மந்தை இருந்திருத்தல் வேண்டும். கன்னியைப் பற்றிய கதையாக அதனைப் படித்தோர் கணக்கைத் தவறவிட்டனர். தனித்தோ தாயும் குட்டியுமாகவோ காண்பதுகூட அரிதாகிவிட்ட இற்றை நாளில், யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து வந்தோர் தம்மையறியாது விட்டுச்சென்ற இவ்வெண்ணிக்கை, அக்கடலின் பழைய வளத்தைக் காட்டும் மிகச் சில சான்றுகளுள் ஒன்று.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நகர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் இன்றும் ஆங்கில வழக்கில் உள்ளது. கணக்கெழுதுவதில் அவர்களை விஞ்சியவர் இலர். முத்துக்கும் சங்குக்கும் சாயவேருக்கும் யானைக்கும் அவர்கள் கணக்கு வைத்தனர். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். முத்துக்குளிப்பு அரசுக்குப் பெருவருவாய் தந்தமையால் மன்னார்க் குடாவின் அடித்தரை ஒவ்வொரு பாராக அளக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேர்ட்மன் வெளியிட்ட அறிக்கை ஐந்து பெருந்தொகுதிகளாக விரிந்தது. முத்து விளையாத தீவகக் கடலுக்கு அத்தகைய அறிக்கை எழவில்லை. வரி செலுத்தாத உயிர் வரலாற்றில் இடம்பெறுவது கடினம்.

இதனை எமர்சன் ரெனன்ற் எழுதியவற்றிலும் காணலாம். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த அவர், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலும் கடற்பசுவை விரிவாகக் குறித்தார். கற்பிட்டிக் குடா முதல் இராமர் அணை வரையுள்ள அமைதியான நீர்ப்பரப்புக்களில் அது மிகுதியாக உண்டென்றும், 1847இல் மன்னாரிற் கொல்லப்பட்டுத் தமக்குக் கொழும்புக்கு அனுப்பப்பட்ட ஒன்று ஏழடிக்கு மேல் நீண்டிருந்தது என்றும், இறைச்சி கன்றின் இறைச்சியை ஒத்தது எனக் கூறப்படுகின்றது என்றும் எழுதினார். ஈலியனின் கதையையும் 1560இன் கதையையும் கடற்பசுவோடு இணைத்துக் காட்டிய பெருமை அவருக்குரியது. தாய் குட்டியைத் துடுப்பால் அணைத்துப் பாலூட்டும் தோற்றமே கடற்கன்னிக் கதைக்கு வித்தென்பது அவர் கருத்து. ஆயின் அவர் வரைந்த எல்லையைக் கவனிக்க வேண்டும்: அது இராமர் அணையுடன் நின்றுவிடுகின்றது. அணைக்கு வடக்கே நெடுந்தீவும் நயினாதீவும் கிடக்கும் கடலை அவர் சொல்லவில்லை. விலங்கு அணையில் நின்றிருக்க நியாயமில்லை. அரசின் பார்வையே அங்கு நின்றது. தாவரத்தை அவர் பாசியென்றும், விலங்கைத் திமிங்கில வகையென்றும் கொண்டமை அக்காலத்து அறிவின் குறை. அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கடற்பசுவின் நெருங்கிய உறவான ஒரு பெருவிலங்குக்கு நேர்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். வட பசுபிக்கில், பேரிங்கின் கடற்பயணத்தில் கலம் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய இயற்கையியலாளர் சிரெல்லர் 1741இல் எட்டு மீற்றர் வரை வளரும் கடற்பசுவொன்றைக் கண்டு எழுதினார். அவருக்குப் பின் அவ்வழியே சென்ற உரோம வேட்டைக்காரர் அதனை உணவுக்காகக் கொன்றனர். 1768ஆம் ஆண்டளவில் ஒன்றும் எஞ்சவில்லை. அறிவியலுக்கு அறிமுகமாகி இருபத்தேழு ஆண்டுகளில் அது முற்றாக அழிந்தது.

எங்கள் கடலில் அழிவு அவ்வளவு விரைந்ததன்று. ஆகவே கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. பழைய வலைகள் பருத்திநூலாலும் சணலாலும் ஆனவை. வலிய விலங்கு அவற்றைக் கிழித்துக்கொண்டு தப்புதல் கூடும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் களங்கட்டிகளும் சிறகுவலைகளும் சிறுமீனுக்கும் இறாலுக்கும் உரியவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய நைலோன் வலை அறாதது. நீரிற் கண்ணுக்குத் தெரியாதது. பெருங்கண் திருக்கைவலையை மாலையில் அடித்தரையில் இறக்கி விடியலில் எடுப்பர். திருக்கை உலவும் இடமும் கடற்பசு மேயும் இடமும் ஒன்றாதலின், திருக்கைக்கு விரித்த வலை கடற்பசுவுக்கும் விரித்த வலையாயிற்று. இரவில் அதில் முட்டிய விலங்கு விடியும்வரை மூச்சின்றி இருத்தல் இயலாது. இதில் மீனவரைக் கொடியவராக்குவது நீதியன்று. கடனுக்கு வாங்கிய வலையில் எதிர்பாராது அகப்பட்ட நானூறு கிலோகிராம் இறைச்சியை வறிய குடும்பமொன்று கடலில் எறிந்துவிடும் என எதிர்பார்ப்பவர் வறுமையை அறியாதவர்.

ஆயினும் இவ்விலங்கின் இனப்பெருக்கக் கணக்கு எவ்வித இரக்கத்துக்கும் இடந்தருவதன்று. பெண் கடற்பசு முதற்குட்டியை ஈனுவதற்கு ஆறு முதல் பதினேழு ஆண்டுகள் வரை செல்லும். கருவைச் சுமப்பது ஏறத்தாழ பதினான்கு மாதம். ஒருமுறைக்கு ஒரு குட்டியே. அடுத்ததற்கு மூன்று முதல் ஏழாண்டு இடைவெளி. குட்டி ஒன்றரை ஆண்டளவுக்குப் பால்குடிக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணித்தோர், யாவும் நன்கமைந்தாலும் ஒரு மந்தை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதத்துக்குமேற் பெருகாது என்பர். அதாவது நூறு விலங்குள்ள ஒரு கடலில், 1560இல் மன்னாருக்கருகே அகப்பட்டது போன்ற ஒரு வீச்சு ஆண்டுக்கொருமுறை நிகழ்ந்தாலே மந்தை தேய்ந்துகொண்டு போகும்.

அறிவியல் முறையான ஆய்வு எதிர்க்கரையில் தொடங்கிற்று. மண்டபம் முகாமில் இருந்த இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆணும் பெண்ணுமான இரு கடற்பசுக்கள் பிடித்து வளர்க்கப்பட்டன. அவற்றைப் பற்றிச் சா. ஜோன்ஸ் 1959இல் எழுதினார். கடற்புல்லை நாள்தோறும் அறுத்துக் கொணர்ந்து ஊட்டியே அவற்றை ஆண்டுக்கணக்கில் உயிருடன் வைத்திருந்தனர். அடைப்பில் நெடிது வாழ்ந்த கடற்பசுக்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் இவை முன்னோடிகள். இலங்கையில் பிலிப்ஸ் 1935இல் வெளியிட்ட பாலூட்டிகள் பற்றிய நூலில் அதற்கு இடமுண்டு. தீவகத்தை மட்டும் நோக்கிய ஆய்வு எதுவும் அக்காலத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை.

1970இல் இலங்கையின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், 1972இல் இந்திய வனவுயிர்ச் சட்டத்தின் கீழும் கடற்பசுவைக் கொல்லுதல் குற்றமாயிற்று. வரவேற்கத்தக்க சட்டங்களே. ஆனால் வரலாற்று மாணவர் அவற்றின் ஒரு விளைவைக் காணாதிருக்க இயலாது. அதுவரை சந்தையில் வெளிப்படையாக விலைபோன விலங்கு அதன்பின் கடலிலேயே துண்டாக்கப்பட்டது. தலையும் தோலும் நீரில் விடப்பட்டன. இறைச்சி வேறு பெயரில் கரையேறிற்று. வலையில் இறந்ததை அறிவிப்பவன் தானே குற்றவாளியாகும் நிலையில் எவன் அறிவிப்பான்? முன்பு வரி செலுத்தாமையால் ஏட்டில் ஏறாத விலங்கு, இப்பொழுது குற்றத்துக்குச் சான்றாவதால் ஏட்டில் ஏறாதாயிற்று. தமிழ்நாட்டில் அண்மைக்காலத்தில் வலையிற் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவருக்குப் பரிசளிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அதன்பின் கடற்பசு பற்றிய செய்திகளை மீனவரே கொணரலாயினர். அச்சத்தால் மறைந்த செய்தி மதிப்பால் வெளிவந்தது.

1974 சூனில் இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையில் எல்லைக்கோட்டை வரைந்தன. கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. 1976 மார்ச்சில் மன்னார்க் குடாவிலும் கோடு நீண்டது. அவ்வுடன்படிக்கையைப் பற்றிப் பேசுவோர் தீவைப் பற்றியும் மீனவர் உரிமை பற்றியும் பேசுவர். புற்றரையைப் பற்றிப் பேசினார் இல்லை. இதனை மற்றொரு நீரிணையோடு ஒப்பிடலாம். அவுஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடைப்பட்ட தொரசு நீரிணையும் ஆழங்குறைந்தது, தீவுகள் நிறைந்தது, உலகின் மிகப்பெரிய கடற்பசு மந்தை வாழ்வது. 1978இல் கைச்சாத்தாகி 1985இல் நடைமுறைக்கு வந்த அந்நாடுகளின் உடன்படிக்கை, எல்லையோடு ஒரு காப்பு வலயத்தையும் வகுத்தது. தீவு மக்களின் மரபுவழி மீன்பிடியை வரையறுக்கும் இடத்தில் கடற்பசுவையும் ஆமையையும் பெயர் சொல்லியே குறித்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு உடன்படிக்கைகளுள் ஒன்றில் அவ்விலங்கு இருந்தது, மற்றதில் இல்லை.

பின்னர் வந்த ஆண்டுகளில் தீவகக் கடலில் விலங்கைத் தேடுவார் இருந்திலர். மனிதரே பாதுகாப்பின்றி இருந்தனர். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவினின்று புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டது அக்கடலிலேயே. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கடலுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது, அல்லது நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டது. மீன்பிடி குறைந்தமையால் கடற்பசு அக்காலத்திற் பெருகியிருக்கும் எனச் சிலர் எண்ணுவதுண்டு. இக்கருத்தை எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது. உள்ளூர் வள்ளங்கள் கரையில் கிடந்த அதே காலத்தில், எதிர்க்கரையின் இழுவைப் படகுகள் பெருகின. காவலற்ற இரவுகளில் கோட்டைக் கடந்து வந்தன. இழுவைமடி அடித்தரையைச் சுரண்டிச் செல்வது. அது கடற்பசுவைப் பிடிக்காது விடினும், அது மேயும் புல்லை வேரோடு அள்ளும். வெடிவைத்து மீன்பிடித்தலும் இடையிடையே நிகழ்ந்தது. 2009இல் போர் முடிந்து தம் கடலுக்குத் திரும்பிய மீனவர் கண்டது, தாம் விட்டுச்சென்ற கடலையன்று.

இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. 2022 செப்தெம்பரில் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதற் காப்பகம் அது. இந்தியக் கடல் முழுவதிலும் ஏறத்தாழ 240 கடற்பசுக்களே எஞ்சியுள்ளன என அக்காலத்து மதிப்பீடு கூறிற்று. அதே 2022இல் சீனக் கடலில் அவ்வினம் செயலளவில் அற்றுப்போயிற்றென ஆய்வாளர் அறிவித்தனர். நெடுந்தீவில் 2015இல் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது; அதன் பெயரைக் கேட்டதும் எவருக்கும் நினைவில் எழுவது குதிரைதான். தஞ்சைக் கரையின் காப்பகத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கிடப்பது ஒரே விரிகுடா. மேயும் விலங்குக்கு அதன் நடுவிலுள்ள கோடு தெரியாது.

கடற்பசுவின் தந்தத்தை நெடுக்காகப் பிளந்தால், மரத்தின் வளையங்களைப் போன்று ஆண்டுக்கொன்றாகப் படை படையாக வளர்ந்திருப்பது தெரியும். அப்படைகளை எண்ணி வயதறியும் முறையால், ஒரு பெண்விலங்கு எழுபத்துமூன்று ஆண்டு வாழ்ந்தது எனக் கணித்துள்ளனர். அவ்வாறாயின் சட்டம் வருவதற்கும் கோடு வரையப்படுவதற்கும் முன் பிறந்த விலங்கொன்று பாக்கு விரிகுடாவில் இன்றும் மேய்ந்துகொண்டிருத்தல் கூடும். நைலோன் வலையும் இழுவைமடியும் வந்ததும், தீவுகள் வெறிச்சோடியதும், மக்கள் மீண்டதும் அதன் ஆயுளுக்குள் அடங்கும். அதனை இளமையிற் கண்ட முதியோர் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் இருப்பர். தண்டிக்கப்படும் அச்சமின்றி அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை இன்னும் தொடங்கப்படவில்லை; அவர்களோ எண்பதைக் கடந்தவர்கள்.